கல்லூரிக் கால்பந்து மைதானத்தைப் புதுப்பித்தல்: கொங்குப் பகுதிக்கான வழிகாட்டி

மைதானத்தைப் புதுப்பிக்கலாம் என்று கல்லூரி நிர்வாகக் குழு முடிவெடுத்த மறுவாரமே மேசைக்கு வந்துவிடுவது நுழைவு வளைவின் வரைபடம். அடுத்து வருவது கேலரிக்கான கூரை. அதற்கடுத்து விளக்குக் கம்பங்கள். ஆட்டக்காரர்கள் ஓடப்போகும் தரையைப் பற்றிய பேச்சு, கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி கரைந்த பிறகே எழுகிறது. கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டக் கல்லூரி மைதானங்களில் உடற்கல்வி இயக்குநராகவும் போட்டி அமைப்பாளராகவும் பல்லாண்டுகள் நின்றவன் என்ற முறையில், இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்று சொல்லவே இதை எழுதுகிறேன். முதலில் வடிகால், அடுத்து மண், பிறகு தண்ணீரும் புல்லும். கண்ணுக்குத் தெரியும் கட்டடங்கள் எல்லாம் அவற்றுக்குப் பிறகு.

நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் வளைவை முதலில் கட்டிக் கல்வெட்டையும் பதித்துவிட்டார்கள். அடுத்த மாதம் மணல் ஏற்றி வந்த டிப்பர் லாரி அந்த வளைவுக்கு அடியில் நுழையவில்லை. பின்பக்கக் காம்பவுண்டுச் சுவரை இருபதடிக்கு இடித்து வழி செய்து, வேலை முடிந்ததும் அதே சுவரை மறுபடியும் கட்டினோம். இரண்டு செலவும் மைதானக் கணக்கில்தான் எழுதப்பட்டன.

நாள் குறித்தல்

நம் பகுதியில் இந்த வேலைக்கு நாள் குறிப்பவை மழையும் காற்றும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருப்பதால் கோவைச் சமவெளியின் பெரும்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை குறைவாகவே கிடைக்கிறது; ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையைத்தான் நாம் நம்பியிருக்கிறோம். ஆனால் தென்மேற்குப் பருவம் மழையாக வராவிட்டாலும் காற்றாக வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனியிலும் ஆடியிலும் வீசும் காற்று, புதிதாக நட்ட புல்லின் வேர்ப்பகுதியை ஒரே பகலில் உலர்த்திவிடுவதோடு, மூடப்படாத மணலை வாரிக்கொண்டு போய் விடுதி ஜன்னல்களில் கொட்டும்.

ஆகவே பொங்கல் முடிந்ததும் மண்வேலையைத் தொடங்கி, பங்குனி முடிவதற்குள் வடிகாலையும் மணல் படுகையையும் முடித்து, சித்திரை முதல் வாரத்தில் புல் நட்டுவிட வேண்டும். வெயில் கடுமையாக இருக்குமே என்று தயங்க வேண்டியதில்லை. நாம் நடப்போகும் புல் வெயிலில்தான் வேகமாகப் படரும், இடையிடையே கோடைமழையும் கைகொடுக்கும். காற்று வலுப்பதற்குள் தரை பெரும்பாலும் மூடிவிடும். ஆவணியில் மெதுவான பயிற்சிக்கும், புரட்டாசியில் முதல் போட்டிக்கும் மைதானத்தைத் திறக்கலாம். ஜூன் மாதத்தில் கல்லூரி திறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், நடவு ஆடிக்காற்றிலும் வேர்விடும் பருவம் அடைமழையிலும் சிக்கிக்கொள்ளும்.

அளவும் திசையும்

கால்பந்து விதிகளின்படி ஆடுகளத்தின் நீளம் 90 முதல் 120 மீட்டர் வரையிலும், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரையிலும் இருக்கலாம். பன்னாட்டுப் போட்டிகளுக்கு நீளம் 100 முதல் 110, அகலம் 64 முதல் 75. பரவலாக எல்லோரும் பின்பற்றும் அளவு 105 × 68. நீளவாட்டு அச்சு வடக்கு தெற்காக அமைய வேண்டும். கிழக்கு மேற்காக அமைந்தால், மாலை ஐந்து மணி ஆட்டத்தில் ஒரு பக்கத்துக் கோல்கீப்பர் முதல் பாதி முழுக்க வெயிலை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நிற்பார். பழைய மைதானம் தவறான திசையில் இருந்து, இடமும் போதுமான அளவுக்கு இருந்தால், திருப்பிப் போடுவதற்குப் புதுப்பித்தலை விட்டால் வேறு வாய்ப்பு அமையாது.

பெரும்பாலான கல்லூரிகள் கால்பந்து ஆடுகளத்தைச் சுற்றி 400 மீட்டர் ஓடுதளமும் வேண்டுமென்று கேட்கும். கோவை நேரு விளையாட்டரங்கத்தின் அமைப்பும் அதுவே. 2018-19 ஐ-லீக் தேசியக் கால்பந்துத் தொடரின் பட்டத்தைச் சென்னை சிட்டி அணி உறுதிசெய்த 2019 மார்ச் 9 ஆட்டம் அங்கேதான் நடந்தது. அந்த ஆட்டத்தைப் பார்த்த நிர்வாகிகள் பலர், தம் கல்லூரியிலும் அப்படியே வேண்டும் என்று என்னிடம் கேட்டதுண்டு. கேட்பது நியாயம்தான், ஆனால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். தரப்படுத்தப்பட்ட ஓடுதளத்தின் வளைவு 36.50 மீட்டர் ஆரம் கொண்டது, நேர்ப்பகுதி 84.39 மீட்டர். அதனுள்ளே 105 × 68 ஆடுகளத்தை வரைந்தால், கார்னர் கொடி நிற்கும் இடத்துக்கும் ஓடுதளத்தின் உள்விளிம்புக்கும் இடையே ஒரு மீட்டர்கூட முழுதாக மிஞ்சாது. அந்த விளிம்பில் சிமெண்டுக் கட்டை இருந்தால், வேகமாக ஓடிவரும் விங்கரின் கணுக்கால் அதில்தான் போய் மோதும். ஆடுகளத்தை 100 × 64 எனக் குறைத்தால் அதே மூலையில் சுமார் மூன்றரை மீட்டர் இடைவெளி கிடைக்கிறது. பன்னாட்டு வரம்புக்கும் உட்பட்ட அளவாகவே இருக்கிறது. ஓடுதளம் உள்ள கல்லூரிகளுக்கு நான் பரிந்துரைப்பது இந்த அளவையே. விளிம்புக் கட்டையையும் கழற்றி மாட்டக்கூடிய அலுமினியத்தில் அமையுங்கள். ஓடுதளம் இல்லாத இடத்தில் 105 × 68 வைத்துக்கொண்டு, நான்கு புறமும் குறைந்தது 3 மீட்டர் புல் விளிம்பு விடுங்கள்.

மூலைகளைச் செங்கோணமாகக் குறிக்கக் கொத்தனார்கள் பயன்படுத்தும் 3-4-5 முறையே (பக்கங்கள் 3, 4, 5 என்ற விகிதத்தில் உள்ள முக்கோணம்) போதும். குறித்த பிறகு மூலைவிட்டத்தை அளந்து பாருங்கள்: 105 × 68 ஆடுகளத்தில் இரண்டு மூலைவிட்டங்களும் 125.10 மீட்டர் காட்ட வேண்டும். ஒன்றுக்கொன்று ஒரு சாண் வேறுபட்டாலும் முளைக்குச்சிகளைப் பிடுங்கிவிட்டு மறுபடியும் தொடங்குங்கள்.

மண்ணைத் தோண்டிப் பார்த்தல்

கொங்குப் பகுதியில் ஒரே வளாகத்துக்குள் இரண்டு மூன்று வகை மண் இருப்பது வழக்கம். ஒரு கோல் பக்கம் செம்மண்ணும் மறு கோல் பக்கம் கரிசலுமாக இருந்த மைதானத்தை நானே பார்த்திருக்கிறேன். எனவே இரண்டு கோல் முகப்புகள், நடுவட்டம், இரண்டு எதிர் மூலைகள் என ஐந்து இடங்களில் ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி எடுங்கள். இரண்டடியில் கடப்பாரை ‘ணங்’ என்று சத்தம் கொடுத்தால் அது சுக்காங்கல்லாக, அதாவது இறுகிய சுண்ணாம்புக் கல் அடுக்காக, இருக்கக்கூடும். அந்த அடுக்கின்மேல் தண்ணீர் தேங்கி நிற்கும், வேரும் கீழிறங்காது. கட்டட இடிபாடு, பழைய செங்கல், பாலித்தீன் ஆகியவையும் வெளிப்படலாம்; கல்லூரி கட்டிய காலத்தில் மிச்சக் குப்பையை எல்லாம் மைதானத்தில்தான் கொட்டியிருப்பார்கள்.

ஆய்வகத்துக்கு அனுப்புவதற்கு முன்பே நீங்கள் செய்துபார்க்கக்கூடிய சோதனைகள் இரண்டு உண்டு. விடுதிச் சமையலறையிலிருந்து காலியான ஊறுகாய்ப் பாட்டில் ஒன்றை வாங்கிக் கழுவி, மூன்றில் ஒரு பங்குக்கு மண் போட்டு, கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, இரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஒரு நிமிடத்துக்குள் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். மறுநாளும் கலங்கலாகவே மிதந்து, பிறகு மெதுவாகப் படியும் மெல்லிய அடுக்கு களி. அளவுகோலை வைத்து அடுக்குகளை அளந்தாலே மண்ணின் குணம் தெரிந்துவிடும். களியும் வண்டலும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தால் அந்த மண்ணின்மேல் அப்படியே புல் நடுவது வீண்செலவு. இரண்டாவது சோதனைக்கு, ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி முதலில் ஊறவிடுங்கள்; மறுநாள் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று குச்சியில் கோடு போட்டுப் பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்காவிட்டால் வடிகால் இல்லாமல் அங்கே மழைக்கால ஆட்டம் நடக்காது.

இவற்றுக்குப் பிறகு, மண்ணையும் பாசனத்துக்குப் பயன்படுத்தப்போகும் தண்ணீரையும் தனித்தனியாகக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆய்வகத்துக்கோ மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்கோ கொடுத்து, கார அமில நிலையையும் உப்புத்தன்மையையும் அறிந்துகொள்ளுங்கள். சுண்ணாம்பு மிகுந்த நம் மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்குக் கிடைக்காது. அதனால் புல் வெளிறினால், யூரியாவை அள்ளிப்போடுவதற்கு முன்பு லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்துத் தெளித்துப் பாருங்கள்.

ஒரு தவறைப் பற்றி இங்கே விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கோடையில் குளத்து வண்டல் எடுத்து வயலில் பரப்புவது நம் உழவர்களின் பழைய வழக்கம். தென்னைக்கும் மஞ்சளுக்கும் அதைவிட நல்ல மண் இல்லை. அதே நம்பிக்கையில் ஒரு கல்லூரியில் மைதானம் முழுவதும் அரையடி வண்டல் பரப்பினார்கள். மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர், டிராக்டர் முதல் நடையைக் கொட்டும்போதே என்னிடம் வந்து, “ஏனுங்க சார், இது தென்னைக்குப் போடற மண்ணுங்க. இதுல பந்து எப்படிங்க உருளும்?” என்று கேட்டார். அவர் கேட்டதை நான் குழுவில் சொன்னேன்; குறிப்பில் ஏறவில்லை. புல் அழகாகத்தான் வந்தது. ஐப்பசியில் இரண்டு நாள் மழை பெய்தபோது தரை நடவுக்கு உழுத வயலாக மாறியது. வெயில் வந்ததும் அதே தரை விரல் நுழையும் அளவுக்கு வெடித்தது. உழவுக்கு உகந்த மண் நீரைப் பிடித்து வைக்கும்; கால்பந்துக்கு வேண்டிய மண் நீரைக் கீழே விட வேண்டும்.

வடிகால்

வடிகாலில் இரண்டு பகுதிகள் உண்டு: தரையின் சரிவு ஒன்று, தரைக்கடியில் செல்லும் குழாய்கள் மற்றொன்று. நீளவாட்டு நடுக்கோட்டை முகடாகக் கொண்டு, இரு பக்க எல்லைக்கோடுகளை நோக்கி 0.5 விழுக்காடு சரிவு கொடுத்தால், 34 மீட்டர் தூரத்தில் 17 சென்டிமீட்டர் இறக்கம் கிடைக்கும். இது ஆட்டக்காரர் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். சரிவை ஒரு விழுக்காட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம். மட்டம் பார்ப்பதைக் கண்ணளவில் விட்டுவிடாமல், பத்து மீட்டருக்கு ஒரு முளை அடித்து ஆட்டோ லெவல் கருவியால் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சரிவைப் படுகையின் அடித்தளத்திலேயே கொடுத்து, நன்றாக ரோலர் ஓட்டிய பிறகு, முகட்டிலிருந்து எல்லைக்கோடு வரை ஐந்து மீட்டருக்கு ஒன்றாக ஓரடி அகலக் கால்வாய் வெட்டி, 110 மில்லிமீட்டர் துளையிட்ட பி.வி.சி. குழாயைப் பதிக்க வேண்டும். இரு பக்கமும் சேர்த்து 44 வரிசை, ஏறத்தாழ 1,500 மீட்டர் குழாய் வரும். எல்லைக்கோட்டுக்கு வெளியே நீளவாட்டில் ஓடும் 160 மில்லிமீட்டர் குழாய் அவற்றின் நீரைச் சேர்த்துக்கொண்டு போகும். குழாயைச் சுற்றிப் போடும் கால் அங்குல ஜல்லி, கழுவியதாக இருக்க வேண்டும்; கிரஷர் தூசியோடு வந்த ஜல்லியைப் போட்டால் இரண்டே பருவத்தில் துளைகள் அடைத்துக்கொள்ளும். கரிசல் பகுதி இருந்தால் அதை இரண்டடியாவது வெட்டியெடுத்துவிட்டுக் கிராவல் நிரப்பி, அதன்மேல் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரித்த பிறகே ஜல்லி போடுங்கள். இல்லாவிட்டால் களி மெல்ல மேலேறி ஜல்லியோடு கலந்துவிடும்.

மண் மூடுவதற்கு முன்பு ஒவ்வொரு குழாய் வரிசையையும் நிழற்படம் எடுத்து, கேலரியின் ஒரு மூலை போன்ற நிலையான இடத்திலிருந்து அளவு குறித்து, வரைபடமாக அலுவலகத்தில் ஒரு பிரதியும் உடற்கல்வித் துறையில் ஒரு பிரதியும் வையுங்கள். விளக்குக் கம்பத்துக்கு எர்த் குழி தோண்ட வந்தவர்கள் சேகரிப்புக் குழாயை உடைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போனதை ஒரு மழைக்காலம் கழித்துத்தான் கண்டுபிடித்தோம்.

வடியும் நீரைச் சாக்கடையில் விடுவது நம் ஊருக்குத் தகாது. ஆயிரம் அடி போர் போட்டும் ஈரமண்கூட வராத ஊர்கள் உள்ள பகுதி இது. அத்திக்கடவு-அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்கு நீர் விட வேண்டியிருந்ததே நிலத்தடி நீரின் நிலையைச் சொல்லும். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஆடுகளத்தின்மேல் மட்டும் விழுவது 3,57,000 லிட்டர். சேகரிப்புக் குழாயின் முடிவில் வண்டல் தொட்டி ஒன்றைக் கட்டி, அதிலிருந்து வளாகத்தின் தாழ்ந்த மூலையில் வெட்டிய குட்டைக்கோ, வடிகட்டி அமைத்த செறிவூட்டுக் குழிக்கோ நீரைக் கொண்டுபோங்கள்.

மணல் படுகை

குழாய்களின்மேல் 10 சென்டிமீட்டர் ஜல்லி, அதன்மேல் 25 முதல் 30 சென்டிமீட்டர் மணல் என்பதே உலகெங்கும் பின்பற்றப்படும் அமைப்பு. மணல் துகள்களில் குறைந்தது 60 விழுக்காடு கால் மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரையிலான பருமன் கொண்டவையாக இருக்க வேண்டும். மாவு போன்ற நுண்துகள் பத்து விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. நம் பகுதியில் ஆற்று மணல் எளிதில் கிடைக்காது, பாறையை உடைத்துச் செய்யும் எம்-சாண்ட்தான் வழி. பூச்சு வேலைக்கான பி-சாண்ட் மிக நுண்ணியது என்பதால் அதைத் தொடவே வேண்டாம். எம்-சாண்டிலும் இரண்டு முறை கழுவியதாகக் கேட்டு, சல்லடை ஆய்வுச் சான்றோடு மாதிரி வாங்கி, அதே ஊறுகாய்ப் பாட்டில் சோதனையையும் செய்துபாருங்கள். முதல் லாரிக்கும் ஐம்பதாவது லாரிக்கும் தரம் மாறும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு பாட்டில் என்று தேதி ஒட்டி வரிசையாக அடுக்கி வைப்பது, பில் கொடுக்கும் நாளில் மிகவும் உதவும்.

அளவையும் முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். விளிம்போடு சேர்த்து 111 × 74 மீட்டர் பரப்பில் 25 சென்டிமீட்டர் என்றால் சுமார் 2,050 கன மீட்டர். நம் லாரிக்காரர்களின் கணக்கில் ஏறத்தாழ 725 யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி). நான்கு யூனிட் ஏற்றும் லாரிக்கு 181 நடை. இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு வாயிலில் ஒருவரை நோட்டோடு உட்கார வைக்காவிட்டால், படுகை 25 சென்டிமீட்டருக்குப் பதில் 18 ஆக முடிவதும், பில் மட்டும் முழுதாக வருவதும் நடக்கும்.

வெறும் மணல் ஈரத்தையும் சத்தையும் பிடிக்காது. மேல்நாடுகளில் இதற்குப் பீட் எனும் கரிமப் பொருளைக் கலக்கிறார்கள். நமக்குப் பொள்ளாச்சி இருக்கிறது. மக்கிய தென்னைநார்க் கழிவைப் பத்தில் ஒரு பங்கு கலந்தால் போதும். மக்காத, கழுவாத நார்க்கழிவில் உப்பு மிகுந்திருக்கும். மக்கியதா என்று உறுதி செய்யாமல் வாங்காதீர்கள். கலவையை வெளியே தரையில் கலந்து கொண்டுவந்து பரப்ப வேண்டும். மைதானத்தில் மணலைப் பரப்பிவிட்டு மேலே நார்க்கழிவைத் தூவி ரோட்டாவேட்டர் ஓட்டினால் திட்டுத் திட்டாக நிற்கும்.

இவ்வளவு செலவு கட்டுப்படியாகாத கல்லூரிகளே அதிகம். அவர்கள் இருக்கும் செம்மண் தரையைச் சரிவாக்கி, கீழ்க்குழாய்களையும் பதித்து, அவற்றுக்குக் குறுக்காக மீட்டருக்கு ஒன்று வீதம் இரண்டு அங்குல அகல வெட்டுகள் எடுத்து, ஜல்லியும் மணலும் நிரப்பலாம். மேலே வருடந்தோறும் மெல்லிய மணல் தூவல் கொடுத்துவந்தால் சில ஆண்டுகளில் நல்ல மேற்பரப்பு உருவாகிவிடும். பணம் குறைவாக இருக்கும்போது கேலரியைத் தள்ளிப்போட்டு இதைச் செய்வதே என் தேர்வு.

புல்லும் தண்ணீரும்

பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்தான் உலகக் கால்பந்து மைதானங்களில் பெர்முடா என்ற பெயரில் விரிந்து கிடக்கிறது. மைதானத்துக்கு உகந்தது அதன் கலப்பினம். அமெரிக்காவின் டிஃப்டன் நகரில் உருவாகி 1960இல் வெளியான டிஃப்வே 419 இன்றும் பரவலாக நடப்படுகிறது. இது விதை தராது என்பதால் தண்டுகளாகத்தான் நட வேண்டும். விதை என்று யாராவது இந்தப் பெயரில் விற்றால் வாங்காதீர்கள். அரையடி இடைவெளி வரிசைகளில் ஒன்றிரண்டு கணுக்கள் மண்ணுக்குள் போகுமாறு நட்டு, லேசான உருளை ஓட்டி, உடனே நீர்விட வேண்டும். காலையில் நட ஆரம்பித்துவிட்டு மாலையில் மொத்தமாகத் தண்ணீர் விடலாம் என்று நினைத்தால், மதியத்துக்குள்ளேயே பாதித் தண்டு காய்ந்திருக்கும். முதல் இரண்டு வாரம் ஒரு நாளில் நான்கைந்து முறை சிறிது சிறிதாக. பிறகு படிப்படியாக முறையைக் குறைத்து, அளவைக் கூட்ட வேண்டும்.

களைகளில் கோரையும் நெருஞ்சியும்தான் பெரிய எதிரிகள். கோரையை மேலே பறித்தால் கிழங்கிலிருந்து மீண்டும் வரும். ஆகவே படுகை போடுவதற்கு முன்பே அடித்தளத்துக்குத் தண்ணீர் விட்டு முளைக்கவிட்டு, கிழங்கோடு எடுப்பது நல்லது. நெருஞ்சியைக் காய் பிடிப்பதற்கு முன் எடுத்தால் போயிற்று. மேற்குப் பக்கம் திறந்தவெளியாக இருந்தால், கொறங்காட்டு மேய்ச்சல் நிலக்காரர்கள் வைப்பதுபோலக் கிளுவை வேலியை இரண்டு வரிசையாக நட்டு வளர்த்துங்கள். கம்பி வேலியால் காற்றைத் தடுக்க முடியாது, கிளுவையால் ஓரளவு முடியும்.

வளர்ந்த புல்லுக்குக் கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் நீர் என்று வைத்துக்கொண்டால், 7,140 சதுர மீட்டருக்கு 35,700 லிட்டர். இதைப் போர்த் தண்ணீரிலும் டேங்கர் லாரியிலும் சமாளித்துவிடலாம் என்று தொடங்கும் கல்லூரி, இரண்டாவது சித்திரையில் புல்லைக் கைவிட்டுவிடும். 500 மாணவர்கள் தங்கும் விடுதியில் ஒருவர் நாளுக்கு 100 லிட்டர் புழங்கினால், ஏறத்தாழ 40,000 லிட்டர் கழிவுநீராக வெளியேறுகிறது. அதைச் சுத்திகரித்துக் கொடுத்தால் மைதானத்தின் தேவை அநேகமாக முடிந்தது. சுத்திகரிப்பு நிலையத்தை மைதானத் திட்டத்தின் பகுதியாகவே சேர்த்து நிதி கேளுங்கள். பாசனம் விடியற்காலையில் முடிந்துவிட வேண்டும். இரவு முழுவதும் ஈரமாக நிற்கும் புல்லில் பூஞ்சை நோய் வரும்.

வெட்டும் உயரம் 20 முதல் 25 மில்லிமீட்டர். ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. தேர்வு விடுமுறையில் ஒரு மாதம் வளரவிட்டுவிட்டு, திறப்பு நாளுக்காக ஒரே மூச்சில் மொட்டை அடிக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அதன்பின் தரை வைக்கோல் நிறமாகக் கிடப்பதற்குப் புல்லைக் குறை சொல்லிப் பயனில்லை.

செயற்கைப் புல்லைப் பற்றியும் கேட்பார்கள். நீர்ச் செலவு குறைவு, நாள் முழுவதும் ஆடலாம் என்பவை உண்மை. நம் சித்திரை வெயிலில் அதன் மேற்பரப்பு வெறுங்கையால் தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும் என்பதும், எட்டு முதல் பத்து ஆண்டுகளில் முழுவதையும் சுருட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்பதும் அதே அளவு உண்மை. அதில் நிரப்பும் ரப்பர் துகள் மண்ணில் கலப்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் அதன் விற்பனையைத் தடைசெய்து எட்டாண்டு அவகாசம் கொடுத்திருக்கிறது. சிறிய பயிற்சிக் களத்துக்கு வேண்டுமானால் போடுங்கள். முதன்மை ஆடுகளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேலரி, விளக்கு, கோல் கம்பம்

பழைய கேலரியின்மேல் கூரை போடுவதற்கு முன்பு, கேலரியே நிற்குமா என்று பாருங்கள். படிகளின் இணைப்பு இடுக்கில் அரசங்கன்று முளைத்திருந்தால் அங்கே தண்ணீர் இறங்குகிறது என்று பொருள். அடியில் போய் நிமிர்ந்து பார்த்தால் காரை உதிர்ந்து துருக்கம்பி தெரியும். கட்டமைப்புப் பொறியாளரைக் கொண்டு, கான்கிரீட்டின் வலிமையைக் காட்டும் ரீபவுண்ட் சுத்தியல் சோதனையும், ஐயமுள்ள இடங்களில் கான்கிரீட் துண்டு வெட்டியெடுத்துச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். நிலையான இருக்கை இல்லாத கேலரியைச் சதுர மீட்டருக்குச் சுமார் 500 கிலோ சுமைக்குக் கணக்கிட வேண்டும்; கோல் விழும் நொடியில் மொத்தக் கூட்டமும் எழுந்து குதிக்கும் இடம் அது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 12க்கு 1 என்ற சரிவைவிடச் செங்குத்தாக இருக்கக்கூடாது. அது கேலரியின் கடைக்கோடியில் போய் முடியாமல், ஆட்டம் முழுமையாகத் தெரியும் இடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும்.

விளக்கு வெளிச்சம் பயிற்சிக்கு 75 லக்ஸ், கல்லூரிப் போட்டிக்கு 200 லக்ஸ் இருந்தால் போதும். கம்பங்களைக் கோலுக்கு நேர் பின்னால் நடாதீர்கள்.

கோல் கம்பத்தின் உள்ளளவு 7.32 × 2.44 மீட்டர். நகர்த்தும் கோல்களை மணல் மூட்டையோ ஆணியோ கொண்டு தரையோடு கட்டாமல் ஒரு நாளும் விடாதீர்கள். குறுக்குக் கம்பியில் தொங்கிய பிள்ளைகளின்மேல் கோல் சாய்ந்து உயிர் போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கோடு போடச் சுண்ணாம்புத் தூளைப் பயன்படுத்தும் வழக்கத்தையும் நிறுத்திவிடுங்கள். ஈரத்தோடு கண்ணில் பட்டால் அது விழியைப் பொசுக்கும். தண்ணீரில் கரையும் வெள்ளைப் பெயின்ட் போதும். கோட்டின் அகலம் 12 சென்டிமீட்டரைத் தாண்டக்கூடாது.

திறந்த பிறகு

புதுப்பித்த மைதானத்தைக் கெடுப்பது பெரும்பாலும் கால்பந்து அல்லாத வேலைகள்தான். ஆண்டு விழாப் பந்தல், அணிவகுப்பு, பட்டமளிப்பு நாளில் விருந்தினர் கார்கள் என்று ஒவ்வொன்றுக்கும் மைதானம் கேட்பார்கள். பந்தல்கால் குழி ஒன்று போதும், அடியிலுள்ள குழாயை உடைக்க. அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை எழுத்துமூலம் ஒரே ஒருவரிடம் ஒப்படைத்து, பயன்பாட்டுப் பதிவேட்டில் நாள், நேரம், மழை, எந்தப் பாதி ஆடப்பட்டது என்பவற்றை எழுதி வரச் செய்யுங்கள். பயிற்சியில் கோல் முகப்பை அன்றாடம் மிதிக்காமல், நகர்த்தும் கோல்களை வைத்து அகலவாட்டில் ஆடினால் தேய்மானம் பரவலாகும். வாரம் ஒருமுறை வண்டல் தொட்டியின் மூடியைத் திறந்து பார்ப்பதற்கும் ஓர் ஆள் வேண்டும்.

ஆண்டுக்கொரு முறை, போட்டிக்காலம் முடிந்த மாசி வாக்கில், தரையைத் துளைக் கருவியால் குத்திக் காற்றோட்டம் கொடுத்து, படுகைக்குப் போட்ட அதே மணலை அரை சென்டிமீட்டர் உயரத்துக்குத் தூவ வேண்டும். 105 × 68 பரப்புக்கு அது ஏறத்தாழ 36 கன மீட்டர், பதின்மூன்று யூனிட். ஒவ்வோர் ஆண்டும் அந்த லாரிகளும், என்றேனும் ஓர் ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் உள்ளே வர வேண்டியிருக்கும். ஆகவே கடைசியில் நுழைவு வளைவு கட்டும்போது அகலம் 6 மீட்டரும் உயரம் 5 மீட்டரும் தடையின்றி விட்டுக் கட்டுங்கள். கல்வெட்டைப் பக்கத் தூணில் பதித்துக்கொள்ளலாம்.